கேமில் கூடவே வரும் நாய்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் விளையாடும் நண்பர்களும், விளையாடாத சொந்தக்காரர்களும் என்னிடம் மாற்றி மாற்றிக் கேட்ட கேள்விகள் இவை. என் வீட்டில் நாய் கிடையாது. வாடகை வீடு, மூன்றாவது மாடி, வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். ஆகவே கேமுக்குள் வளர்த்த நாய்கள்தான் என் கணக்கில் உண்டு. ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: சில கதைகளின் முடிவை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். முக்கியமாக, ஃபேபிள் 2 விளையாடும் எண்ணம் இருப்பவர்கள் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

நாய் வருகிற கேம் எல்லாமே இந்தக் கணக்கில் சேருமா?

சேராது. பெரும்பாலான கேம்களில் நாய் என்றால் பாய்ந்து கடிக்க வரும் எதிரிதான். 1996-இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவிலில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு குதித்த நாய்களை விளையாடியவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அவை துணை இல்லை. இங்கே நான் பேசுவது, நம்மோடு கூட நடந்து, நமக்கு ஏதோ ஒரு வகையில் உதவி, நாம் சொல்லாத சிலவற்றையும் தானாகச் செய்யும் நாய்களைப் பற்றி. கடைசியாகச் சொன்னதுதான் என் அளவுகோல். பட்டனை அழுத்தினால் மட்டும் பாயும் நாய் இன்னொரு துப்பாக்கி. பட்டனை அழுத்தாதபோது அது என்ன செய்கிறது என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

அப்படியென்றால் டக் ஹன்ட் நாய்?

அது யாருக்குத் துணை என்றே தெரியாது! வாத்தைக் கிளப்பிவிடும், விழுந்த வாத்தைத் தூக்கிக் காட்டும், குறி தப்பினால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து சிரிக்கும். நின்டெண்டோ 1984-இல் கொண்டுவந்த கேம். நம்மில் பலருக்கு அது தொண்ணூறுகளில், பிளாஸ்டிக் துப்பாக்கியோடு விற்ற டிவி கேம் பெட்டிகள் வழியாக வந்து சேர்ந்தது. அந்த நாயின் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிச் சுட்டுப் பார்க்காத பிள்ளையே இருக்க முடியாது. வீட்டு கேமில் அதற்கு ஒன்றும் ஆகாது. காசு போட்டு விளையாடும் ஆர்கேட் பதிப்பின் போனஸ் சுற்றில் மட்டும் நாய் மேலும் குண்டு படும். 2014-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் கேமில் அந்த நாயும் ஒரு வாத்தும் ஜோடியாகச் சண்டைக்கு வந்தன. முப்பது வருடம் கழித்து வாத்தோடு சமாதானம்.

ஒன்று: பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி எல்இடி டிவியில் மாட்டினால் துப்பாக்கி வேலை செய்யாது. அது பழைய பிக்சர் டியூப் டிவி ஒளிரும் விதத்தை நம்பிச் செய்யப்பட்டது. டிவியைக் குறை சொல்லாதீர்கள்.

பழைய துணை நாய்களில் இன்றும் விளையாடிப் பார்க்கக்கூடியது எது?

நெட்ஹேக். 1987-இல் முதன்முதலாக வெளியாகி, இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் நிலவறைக் கேம். படமே இல்லை. திரை முழுக்க எழுத்துகள்தான். நீங்கள் மின்னஞ்சல் முகவரியில் வருகிற ‘அட்’ குறி, உங்கள் நாய் ஆங்கிலச் சின்ன ‘டி’ எழுத்து. அந்த ‘டி’ மேல் எனக்கு வந்த பாசம், பிறகு கோடிக்கணக்கில் செலவழித்து முடி முடியாக வரைந்த நாய்கள் மேல்கூட வந்ததில்லை.

காரணம், அந்த நாய்க்கு வேலை ஏகப்பட்டது, ஆனால் எதையும் நாம் கட்டளையிட முடியாது. தரையில் கிடக்கும் பொருள் சபிக்கப்பட்டதா என்று தெரியாமல் அதை எடுத்து மாட்டிக்கொண்டால் கழற்ற முடியாது, பெரிய தொல்லை. நாய் சபிக்கப்பட்ட பொருள் மேல் தானாகக் கால் வைக்காது. வேறு வழியில்லாமல் வைத்தால், மனமில்லாமல் நகர்ந்தது என்று கேம் ஒரு வரி போடும். ஆகவே பழகிய ஆட்டக்காரர்கள் கண்ணில் பட்டதை உடனே எடுக்க மாட்டார்கள். நாய் அதன் மேல் நடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். அப்புறம் கடைத் திருட்டு. கடைக்குள் நாயைக் கூட்டிப்போய், நாம் வாசல் பக்கம் நின்றால், அது ஒவ்வொரு சாமானாகக் கவ்வி நம் பக்கம் கொண்டுவந்து போடும். நாய் கொண்டுவந்ததற்குக் கடைக்காரர் காசு கேட்க மாட்டார்.

படிக்கட்டில் இறங்கும்போது நாய் நமக்குப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால்தான் கூட வரும். அவசரத்தில் விட்டுவிட்டுப் போய் வெகு நேரம் கழித்துத் திரும்பினால், பழக்கம் விட்டுப்போய் நம்மையே கடிக்க வரலாம். நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அது செத்துப்போனால், ஒரு கணம் மனதில் சோகம் வந்து மறைந்தது என்கிற மாதிரி ஒரே ஒரு வரி வரும். யார், எங்கே, எப்படி என்று எதுவும் கிடையாது. தெரியாமல் நம் கையாலேயே அதைக் கொன்றுவிட்டால் கேம் நம்மைக் கொலைகாரன் என்று நேராகவே திட்டும். அதோடு விடாது, அதிர்ஷ்டத்தையும் குறைத்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆட்டம் உருப்படுவது கஷ்டம்.

சாமுராயாக விளையாடினால் நாயின் பெயர் ஹச்சி. இந்தப் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

எல்லோரும் சொல்லும் டாக்மீட், அப்படி என்ன விசேஷம்?

ஃபால்அவுட் வரிசையில் வரும் நாய் டாக்மீட். அணுகுண்டுப் போருக்குப் பிறகு பாழாய்ப் போன அமெரிக்காவில் நடக்கும் கதை. 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட்டில், ஜங்க்டவுன் என்ற ஊரில் ஒருவர் தன் வீட்டுக்குள் போக முடியாமல் வெளியே நின்றுகொண்டிருப்பார். வாசலில் ஒரு நாய் உறுமிக்கொண்டு நிற்கும். அதற்குக் குச்சியில் குத்திச் சுட்ட உடும்புக் கறியைக் கொடுக்கலாம். இல்லையென்றால் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு எதிரில் போனாலே போதும், நம் பின்னால் வந்துவிடும். ஏனென்றால் அதன் பழைய எஜமானர் தோல் ஜாக்கெட் போட்டவர், இறந்துவிட்டார். மேட் மேக்ஸ் இரண்டாம் படத்துக்குப் போட்ட கும்பிடு அது. இருந்தாலும் சினிமா தெரியாதவர்களுக்கும் விஷயம் புரியும்: செத்துப்போனவரின் சட்டை சாயல் உனக்கு இருக்கிறது, அது போதும் எனக்கு, என்கிறது நாய்.

அந்த முதல் கேமில் துணைகளைக் கட்டுப்படுத்தும் வசதி ஏறக்குறைய கிடையாது. டாக்மீட் தானாக ஓடிப் போய் எதிரியைக் கடிக்கும், நம் இயந்திரத் துப்பாக்கிக்குக் குறுக்கே வந்து நிற்கும். கடைசிக் கட்டத்தில் வரும் ராணுவத் தளத்தில் நடைபாதைகளை மறித்து ஆற்றல் தடுப்புகள் இருக்கும். நாய்க்கு அதெல்லாம் புரியாது, ஓடிப் போய் மோதிச் செத்துப்போகும். டாக்மீட்டை உயிரோடு கடைசிவரை கொண்டுபோக வேண்டும் என்று அந்த ஒரு தளத்தைப் பத்து முறை சேவ் செய்து திரும்பத் திரும்ப விளையாடியவர்கள் உண்டு. கதைக்கு அது அவசியமே இல்லை. நாய் இல்லாமலும் கேம் முடியும். இருந்தும் செய்தார்கள். டாக்மீட்டின் புகழ் அங்கே ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். அது சண்டையில் பெரிய சூரன் இல்லை. கட்டுப்படுத்த முடியாததால் காப்பாற்ற வேண்டியிருந்தது, காப்பாற்றிய நாயை யார் மறப்பார்கள்?

1998-இல் இரண்டாம் பாகத்தில் எதேச்சையாக எதிர்ப்படும் ஒரு விசித்திரமான விடுதியின் பக்கத்தில் டாக்மீட் இருக்கும். 2008-இல் பெதெஸ்டா என்ற கேம் நிறுவனம் செய்த மூன்றாம் பாகத்தில் பழைய இரும்புக் குவியல்களுக்கு நடுவே வேறொரு டாக்மீட் கிடைக்கும். அதுவும் செத்துப்போகும். செத்தால் செத்ததுதான். விளையாடியவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, 2009-இல் வந்த புரோக்கன் ஸ்டீல் கூடுதல் பகுதியில் ‘நாய்க்குட்டிகள்’ என்றே ஒரு திறனைச் சேர்த்தார்கள். அதை வாங்கிவிட்டால், டாக்மீட் இறந்த பிறகு அதன் குட்டி, நாம் கதையைத் தொடங்கிய நிலவறையின் வாசலில் வந்து காத்திருக்கும்.

ஃபால்அவுட் 4-இல் வரும் டாக்மீட் நிஜ நாயா?

நிஜ நாயைப் பார்த்துச் செய்தது. 2015-இல் வந்த நான்காம் பாகத்தில் டாக்மீட் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். பெதெஸ்டாவில் வேலை செய்த ஜோயல் பர்ஜஸ் என்பவரின் நாய் ரிவர்தான் அதற்கு மாதிரி. ரிவர் பெண் நாய், கேமில் டாக்மீட் ஆண். அவர் நாயை அலுவலகத்துக்குக் கூட்டிவந்து, அசைவு அமைப்பவர்களும் ஒலிப்பதிவு செய்பவர்களும் பக்கத்திலிருந்து பழகும்படி விட்டார்.

அந்த வித்தியாசம் கேமில் தெரிகிறது. பழைய பெட்ரோல் பங்க் ஒன்றில் டாக்மீட் நம்மைப் பார்த்ததும் தயங்கி, தலையைச் சாய்த்து, பிறகு ஓடி வரும். நடக்கும்போது கொஞ்சம் முன்னால் போய், திரும்பி நம்மைப் பார்த்து நிற்கும். எங்கேயாவது பொம்மை கிடந்தால் கவ்விக்கொண்டு வரும். வெறும் போலீஸ் நாயாக வரைந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. ரிவர் 2021-இல் இறந்தபோது பெதெஸ்டாவும் எக்ஸ்பாக்ஸும் அதன் நினைவாக ஒரு விலங்குக் காப்பகத்துக்கு 10,000 டாலர் கொடுத்தன.

இந்த முறை டாக்மீட் சாகாது என்று கேம் வெளிவருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். அடிபட்டால் சுருண்டு படுத்து முனகும், ஊசி போட்டால் எழுந்துவிடும். நல்ல முடிவா? என் மனசு நல்லது என்கிறது. ஆனால் சாகாது என்று தெரிந்த பிறகு அதை முன்னால் விட்டுவிட்டு நான் பின்னால் பதுங்கியிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். முதல் பாகத்தில் அப்படிச் செய்யத் துணிந்திருக்க மாட்டேன்.

ஃபேபிள் 2 நாயைப் பற்றிப் பேசினால் ஏன் எல்லோரும் சோகமாகிவிடுகிறார்கள்?

(முடிவு தெரிய வேண்டாம் என்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.)

2008-இல் லயன்ஹெட் நிறுவனம் எக்ஸ்பாக்ஸ் 360-க்காகச் செய்த கேம். கேம் வடிவமைப்பாளர் பீட்டர் மொலினோவின் குழு. தெருவில் சுற்றும் ஏழைப் பிள்ளையாகக் கதை ஆரம்பிக்கும். அடித்துத் துன்புறுத்தும் ஒரு பையனிடமிருந்து ஒரு நாயைக் காப்பாற்றுவீர்கள், அது உங்களோடு ஒட்டிக்கொள்ளும். அதன்பின் கேம் முழுக்க அது உங்கள் பக்கத்தில்தான். பெரும்பாலான கேம்களில் திரை மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருந்து, எங்கே புதையல், எங்கே எதிரி என்று காட்டுமல்லவா? இங்கே அந்த வேலை நாய்க்கு. பெட்டி இருந்தால் குரைத்து ஓடிக் காட்டும், புதைந்திருப்பதை மோப்பம் பிடித்துத் தரையைப் பிறாண்டும், எதிரி பதுங்கியிருந்தால் உறுமும். தகவலுக்காகத் திரை மூலையைப் பார்ப்பதற்குப் பதில் எந்நேரமும் நாயைப் பார்க்கிறோம். இருபது மணி நேரம் ஒரு நாயின் காதையும் வாலையும் பார்த்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சாமர்த்தியமான வேலை அது. நாம் நல்லவராக இருந்தால் நாயின் தோற்றம் ஒரு மாதிரி மாறும், கெட்டவரானால் வேறு மாதிரி. சண்டையில் அடிபட்டால் நொண்டும், மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், சாகாது.

சாகாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். கதையின் கடைசியில் வில்லன் லூசியன் நம்மை நோக்கிச் சுடும்போது நாய் குறுக்கே பாய்ந்து குண்டை வாங்கிக்கொள்ளும். அப்புறம் மூன்று வரங்களில் ஒன்றைக் கேட்கச் சொல்வார்கள். வில்லனின் கோபுரத்தைக் கட்டும்போது செத்த ஆயிரக்கணக்கானவர்களை மீட்கலாம், அல்லது நம் குடும்பத்தையும் நாயையும் மீட்கலாம், அல்லது பெரும் பணம் வாங்கிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான உயிர்களா, ஒரு நாயா? தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு நொடியில் விடை சொல்லிவிடலாம். நான் நாயைக் கேட்டேன். அந்த ஆயிரம் பேரில் ஒருவர்கூட எனக்குப் புதையல் காட்டியதில்லை. (பின்னால் விற்ற கூடுதல் பகுதிகளில் நாயை மீட்க வேறு வழியும் வைத்தார்கள். அதற்குள் நான் அந்தப் பாவத்தைச் செய்து முடித்திருந்தேன்.)

சொன்ன பேச்சைக் கேட்காத நாய் வரும் கேம் ஒன்று உண்டாமே?

ஹான்டிங் கிரவுண்ட், 2005, பிளேஸ்டேஷன் 2. கேப்காம் செய்த திகில் கேம், ஜப்பானில் ‘டிமென்டோ’ என்ற பெயரில் வந்தது. ஃபியோனா என்ற பெண் யாருடையதோ ஒரு கோட்டையில் கூண்டுக்குள் கண் விழிப்பாள். தப்பிக்கும் வழியில், மரத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடக்கும் ஹியூவி என்ற வெள்ளை ஷெப்பர்ட் நாயை அவிழ்த்துவிடுவாள். அவளுக்குச் சண்டை போடும் பலம் கிடையாது, ஓடி ஒளிவதுதான் வழி. பல்லும் பலமும் ஹியூவியிடம்தான்.

ஆனால் ஹியூவிக்கு நாம் யார்? முந்தாநாள் அறிமுகமான ஆள். போ என்றால் உட்காரும், வா என்றால் வேறு எதையோ மோந்துகொண்டிருக்கும். பின்னால் கொலைகாரி துரத்திக்கொண்டு வரும்போது இதைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்! அது நல்லதைச் செய்ததும் உடனே தட்டிக்கொடுக்க வேண்டும், தப்புக்குத் திட்ட வேண்டும், தீனி போட வேண்டும். கோபத்தில் உதைத்தால் உறவு கெட்டுப்போகும். மெல்ல மெல்லப் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தில் கூப்பிடாமலேயே நம்மைக் காப்பாற்றப் பாய்ந்தபோது, கையில் இருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். விளையாட எரிச்சல் தரும் கேம்தான், மறுக்கவில்லை. விற்பனையிலும் கொடிகட்டிப் பறந்ததில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரே ஒரு நாயை வைத்துக்கொள் என்றால் நான் ஹியூவியைத்தான் சொல்வேன்.

ஜப்பானிய கேம்களில் வரும் நாய்கள் எல்லாம் ஹச்சிகோ கதைதானா?

எல்லாம் இல்லை. ஆனால் பெர்சோனா 3-இல் (2006) வரும் கொரோமாரு நேரடியாக அந்தக் கதையின் வாரிசு. ஹச்சிகோ தெரியாதவர்களுக்கு: டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில், 1925-இல் இறந்துபோன தன் எஜமானரான பேராசிரியருக்காக 1935 வரை நாள்தோறும் வந்து காத்திருந்த நாய். சிலையை அது உயிரோடு இருக்கும்போதே, 1934-இல் வைத்தார்கள். நெட்ஹேக் சாமுராயின் நாய்க்கு ஹச்சி என்ற பெயர் ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கொரோமாருவின் எஜமானர் ஒரு கோயில் பூசாரி. அவர் இறந்த பிறகும் அது அவரோடு உலாவப் போன அதே வழியில் நடந்துபோய், கோயிலைக் காவல் காக்கிறது. பிறகு நம் கூட்டத்தில் சேர்ந்து, வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு சண்டை போடும். அது என்ன நினைக்கிறது என்பதைக் கூட்டத்தில் இருக்கும் இயந்திரப் பெண் ஐகிஸ் மொழிபெயர்த்துச் சொல்வாள். கேட்கக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். விளையாடும்போது தோன்றாது.

மெட்டல் கியர் சாலிட் 5-இல் நாய்க்குட்டியைத் தவறவிட்டேனே, எங்கே கிடைக்கும்?

ஆப்கானிஸ்தான் பகுதியில் சுற்றும்போது குட்டி குரைக்கும் சத்தம் கேட்டால் நின்றுவிடுங்கள். ஒற்றைக் கண் போன கறுப்புக் குட்டி ஒன்று தள்ளி நின்று பார்க்கும். பக்கத்தில் போய், ஃபுல்டன் பலூனைக் கட்டி மேலே அனுப்பிவிட வேண்டும். ஆமாம், குட்டி நாயைப் பலூனில் கட்டி ஆகாயத்தில் அனுப்புவீர்கள், அழுதுகொண்டே போகும். தரையில் நிற்கும் ஆளைப் பலூனும் விமானமும் கொண்டு தூக்கும் அந்த முறை அமெரிக்காவில் நிஜமாகவே இருந்த ஒன்று.

தளத்துக்குப் போன குட்டியை ஆசலாட் என்பவர் வளர்த்துப் பழக்குவார். சில மிஷன்கள் கழித்துத் திரும்பினால், கண்ணுக்கு ஒரு பட்டை கட்டி, பெரிய நாயாக நிற்கும். நம் நாயகனுக்கும் ஒற்றைக் கண்தான். டி-டாக் என்று பெயர். எதிரிகள் எங்கே இருக்கிறார்கள், கண்ணிவெடி எங்கே, மூலிகை எங்கே என்று மோப்பத்தில் காட்டிக்கொடுக்கும். கேமே சுலபமாகிவிடுகிறது என்று சிலருக்கு அதன் மேல் வருத்தம். எனக்கு இல்லை.

ரெசிடென்ட் ஈவில் 4-இல் பொறியில் மாட்டிய நாயை விடுவித்தால் என்ன கிடைக்கும்?

பொருளாக எதுவும் கிடைக்காது, அதுதான் அழகு. 2005 கேமின் ஆரம்பத்திலேயே, கரடிப் பொறியில் கால் மாட்டி ஒரு நாய் கத்திக்கொண்டிருக்கும். விடுவித்தால் ஓடிவிடும். கேம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. வெகு நேரம் கழித்து, எல் கிகான்டே என்ற ராட்சதனோடு மழையில் நீங்கள் திண்டாடும்போது, பாறை மேல் அந்த நாய் வந்து நிற்கும். ராட்சதனைச் சுற்றிச் சுற்றிக் குரைத்து அவன் கவனத்தைத் திருப்பும். விடுவிக்காமல் போயிருந்தால் வராது.

2023 மறு ஆக்கத்தில் பழைய ரசிகர்களுக்கு ஒரு குசும்பு வைத்தார்கள். அதே மாதிரி இடத்தில் பொறியில் நாய் இருக்கும், ஆனால் செத்துக் கிடக்கும். நெஞ்சு அடைத்துவிட்டது. பதறாதீர்கள், கொஞ்சம் தள்ளி உயிரோடு இன்னொன்று மாட்டியிருக்கும், தேடிப் போய் விடுவியுங்கள்.

ஸ்கைரிமில் எந்த நாயை வைத்துக்கொள்வது?

பயன் முக்கியம் என்றால் பார்பஸ், மனசு முக்கியம் என்றால் மீக்கோ. 2011-இல் வந்த ஸ்கைரிமில் பார்பஸ் ஒரு பேசும் நாய், ஒரு தெய்வத்தோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தது. அதன் வேலையை முடித்துக்கொடுக்கும்வரை கூட வரும், சாகவே சாகாது. ஆகவே பலர் வேண்டுமென்றே வேலையை முடிக்காமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள். ஆனால் ஓயாமல் குரைக்கும், பதுங்கிப் போகும்போது பின்னாலிருந்து முட்டித் தள்ளும். பள்ளத்தாக்கு ஓரத்தில் நிற்கும்போது தள்ளினால் அவ்வளவுதான்.

மீக்கோ வழியில் தனியாக எதிர்ப்படும். பின்னால் போனால் ஒரு குடிசைக்குக் கூட்டிப்போகும். உள்ளே கட்டிலில் அதன் எஜமானர் செத்துக் கிடப்பார், பக்கத்தில் நாட்குறிப்பு. படித்து முடித்துத் திரும்பினால் மீக்கோ அங்கேயே நின்றுகொண்டிருக்கும். கூட்டிக்கொண்டு போகலாம். எனக்கு அதைச் சண்டைக்குக் கூட்டிப்போக மனமே வரவில்லை.

கால் ஆஃப் டியூட்டி நாய், ஜிடிஏ நாய் எல்லாம்?

கால் ஆஃப் டியூட்டி வரிசையின் கோஸ்ட்ஸ் (2013) கேமில் வரும் ரைலி நாய்க்கு விளம்பரத்தில் ஏக மரியாதை. கேமில் முதுகில் கேமரா வைத்து நாமே அதை ஓட்டுவோம். ரோமம் வைத்த ட்ரோன். ஜிடிஏ 5-இன் (அதுவும் 2013) ராட்வைலர் சாப் அதைவிட நாயாக இருக்கிறது: ஒருவனைத் துரத்திக்கொண்டு ஓடும்போது நடுவில் ரயில் பெட்டிகளுக்கிடையே இன்னொரு நாயைக் கண்டு வேலையை மறந்துவிடும்.

சண்டை தவிர வேறு உதவியும் செய்யும் நாய் உண்டா?

ஃபேட் (2005), டார்ச்லைட் (2009) இரண்டையும் தேடிப் பாருங்கள். ஃபேட் அந்தக் காலத்தில் சில லேப்டாப்களில் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வந்தது, அப்படித்தான் என்னிடமும் வந்தது. நிலவறையில் மூட்டை நிரம்பிவிட்டால், நாம் ஊருக்குத் திரும்பி விற்க வேண்டியதில்லை. நாயின் முதுகில் ஏற்றி அனுப்பிவிட்டால், அது ஊருக்குப் போய் விற்று, காசோடு திரும்பும். நாய் யாரிடம் எப்படி விலை பேசியது என்றெல்லாம் கேட்கக் கூடாது. அது இல்லாத அந்தச் சில நிமிடங்கள் நிலவறை வெறிச்சென்று இருக்கும். பூனையும் எடுத்துக்கொள்ளலாம். பூனை சந்தைக்குப் போய்க் காசோடு திரும்பும் என்பதை நம்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதே வரிசையில் மெகா மேன் 3-இன் (1990) இயந்திர நாய் ரஷ்: ஸ்பிரிங்காக மாறும், பறக்கும் பலகையாக மாறும். 1995-இல் வந்த சீக்ரெட் ஆஃப் எவர்மோரில் நாயின் உருவம் ஊருக்கு ஊர் மாறும்: ஆதிகாலத்தில் ஓநாய் மாதிரி, கோட்டை ஊரில் பூடில், எதிர்கால ஊரில் ரொட்டி சுடும் டோஸ்டர். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மைன்கிராஃப்டில் ஓநாயை எப்படிப் பழக்குவது? பழகியது அடிக்கடி காணாமல் போகிறதே?

எலும்பு வேண்டும். எலும்புக்கூடுகளைக் கொன்றால் கிடைக்கும். ஒவ்வொரு எலும்புக்கும் மூன்றில் ஒரு வாய்ப்புதான், பத்துப் பன்னிரண்டு எலும்போடு போங்கள். பழகியதும் கழுத்தில் சிவப்புப் பட்டை வரும். வாலைக் கவனியுங்கள்: தூக்கி இருந்தால் நலம், தொங்கினால் அடிபட்டிருக்கிறது, இறைச்சி கொடுங்கள். அழுகிய இறைச்சிகூடப் போதும், அதற்கு ஒன்றும் செய்யாது.

காணாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம், உட்கார வைத்ததை நாம் மறந்திருப்போம். உட்கார்ந்த நாய் நாம் வரும்வரை அங்கேயே இருக்கும். போய்ப் பாருங்கள், இருக்கும். மீதிக் காரணம் எரிமலைக் குழம்பு. அதற்கு மருந்தில்லை. ஏப்ரல் 2024 அப்டேட்டுக்குப் பிறகு அர்மடில்லோவின் ஓடுகளைக் கொண்டு ஓநாய்க்குக் கவசம் செய்யலாம், ஓநாய் வகைகளும் பெருகியிருக்கின்றன.

நாயைத் தடவிக்கொடுக்க முடியுமா என்று ஏன் இவ்வளவு பேர் கேட்கிறார்கள்?

2019-இல் ட்விட்டரில் இதற்கென்றே ஒரு கணக்கு தொடங்கியது. கேமின் பெயர், தடவலாம் அல்லது தடவ முடியாது, அவ்வளவுதான் பதிவு. லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். அந்தப் பட்டியலில் ‘முடியாது’ என்று வர எந்த நிறுவனத்துக்கும் ஆசையில்லை. ஹேடஸில் (2020) நரகத்தைக் காக்கும் மூன்று தலை நாய் செர்பரஸையே தடவிக்கொடுக்கலாம். செல்டா பிரெத் ஆஃப் தி வைல்டில் (2017) முடியாது. ஆனால் அங்கே நாய்க்கு இறைச்சி போட்டுப் பழகினால் புதைந்த பெட்டியைக் காட்டும்.

எனக்கு இதில் ஒரு முணுமுணுப்பு உண்டு. தடவும் பட்டனை மட்டும் வைத்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் நாயைப் பொம்மை மாதிரி நிற்க வைக்கும் கேம்கள் இப்போது பெருகிவிட்டன. நெட்ஹேக் நாயை நான் ஒருமுறைகூடத் தடவியதில்லை.

குழந்தைகளுக்கு எது? நாய் சாகாத கேமாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்டியூ வேலி (2016). பண்ணையில் நாய் அல்லது பூனை வளரும், தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி, தினம் ஒரு தடவை தட்டிக்கொடுத்தால் போதும், சாகாது. நின்டெண்டோ டிஎஸ் யாரிடமாவது இருந்தால் நின்டென்டாக்ஸ் (2005). நின்டெண்டோவின் கேம் வடிவமைப்பாளர் மியாமோட்டோவின் வீட்டில் ஷெல்டி வகை நாய் ஒன்றை வாங்கியதிலிருந்து பிறந்த யோசனை, மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குட்டி ஓடி வரும். மைன்கிராஃப்டில் நாய் சாகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். என் அக்கா மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஃபால்அவுட், மெட்டல் கியர், ஹான்டிங் கிரவுண்ட் எல்லாம் பெரியவர்களுக்கு.

நாய்க்குப் பெயர் நாமே வைக்கலாமா?

பல கேம்களில் முடியாது. டாக்மீட் டாக்மீட்தான். டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் (2009) முடியும். அதில் மபாரி என்ற போர் நாய் வரும். மனிதப் பிரபுவாக ஆரம்பித்தால் முதலிலிருந்தே உங்களோடு இருக்கும். வேறு யாராக ஆரம்பித்தாலும், ஓஸ்டகார் முகாமில் நோயில் கிடக்கும் நாய்க்காகக் காட்டிலிருந்து ஒரு பூவைப் பறித்துவந்து கொடுங்கள். பிற்பாடு அது உங்களைத் தேடிக்கொண்டு வழியில் வந்து சேரும், அப்போது பெயர் கேட்கும்.

நான் மணி என்று வைத்தேன். அந்தக் கேமில் எல்லாருக்கும் குரல் உண்டு, ஆனால் வசனமெல்லாம் முன்கூட்டியே பதிவு செய்தது. ஆகவே கூட வருகிறவர்கள் கடைசிவரை அதை வெறுமனே ‘நாய்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மணி என்று கூப்பிட்ட ஒரே ஆள் டிவிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த நான்தான், அதுவும் சத்தமாக. கீழ் வீட்டில் யார் வீட்டு நாய் என்று விசாரித்தார்களாம்.